லாபியில் ஒரு தடுப்புச் சுவர்: சிட்டர்சன் ஹால் நிகழ்வு ஆய்வு

சிட்டர்சன் ஹால் யாரும் தேடிப்போய்ப் படம் எடுக்கிற கட்டிடம் கிடையாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சேப்பல் ஹில் பல்கலைக்கழக வளாகத்தில், கணினி அறிவியல் துறைக்காகக் கட்டி 1987-ல் திறந்த கட்டிடம். ஆனால் 3டி காட்சிகளை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் காட்டிப் பிழைக்கிறவர்கள், நானும் அதில் ஒருவன், இதன் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கட்டிடம் எழும்புவதற்கு முன்பே அதில் வேலை பார்க்கப்போகிறவர்கள் கணினித் திரையில் அதற்குள் நடந்து பார்த்தார்கள். லாபியில் ஒரு தடுப்புச் சுவர் நடைவழியை நெருக்குகிறது என்றார்கள். கட்டிடக்கலைஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களையும் அதே மாடலுக்குள் நடக்கவைத்த பிறகுதான் சுவர் இடம் மாறியது.

மூன்று வரியில் முடிந்துவிடுகிற கதைதான். ஆனால் யார் யாருக்குக் காட்டினார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வழக்கமாக நாம் காட்டுவோம், வாடிக்கையாளர் பார்ப்பார். இங்கே வாடிக்கையாளர் காட்டினார், கட்டிடக்கலைஞர் பார்த்தார்.

வாடிக்கையாளர் சாதாரண ஆள் இல்லை

அந்தத் துறையை 1964-ல் தொடங்கியவர் ஃபிரெட் புரூக்ஸ். அதற்கு முன் ஐபிஎம் நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினி உருவாக்கத்தை நடத்தியவர். 1999-ல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது பெற்றார், 2022-ல் காலமானார். கட்டிடங்களுக்குள் கணினி மூலம் நடந்து பார்ப்பது அவர் குழுவின் ஆராய்ச்சிகளில் ஒன்று. தங்கள் துறைக்கே புதுக் கட்டிடம் வருகிறது, வரைபடங்கள் கையில் இருக்கின்றன, கணினிகளும் மாணவர்களும் இருக்கிறார்கள். வேறு உதாரணம் தேட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

1986-ல் புரூக்ஸ் வெளியிட்ட கட்டுரையில் நோக்கத்தைத் தெளிவாகவே வைத்திருந்தார்: கட்டிடக்கலைஞரும் அவருடைய வாடிக்கையாளரும் சேர்ந்து, கட்டிடத்துக்குள் கண்ணால் நடந்து பார்த்து, தேவைகளைச் செம்மைப்படுத்திக்கொள்ள ஒரு கருவி. விற்பனைக்கான படம் என்ற பேச்சே அதில் கிடையாது. வேலை ஆரம்பத்தில் வாடிக்கையாளர் சொல்லும் தேவைகள் அரைகுறையாகத்தான் இருக்கும், அவருக்கே அது தெரியாது. ஒன்றைப் பார்த்த பிறகுதான் "இது இல்லை, வேறு" என்று சொல்ல வரும். மென்பொருள் வேலையில் பல வருடம் இருந்தவருக்கு இது பழகிய விஷயம்தான்.

மாடல் எப்படி இருந்தது? மொத்தக் கட்டிடமும் சுமார் 8,000 பாலிகன், அதாவது பரப்புகளை உருவாக்கும் தட்டையான பலகோணத் துண்டுகள். இன்றைக்கு இணையத்தில் இலவசமாக இறக்கிப் போடுகிற ஒரு சோபாவே பல நேரம் அதைத் தாண்டிவிடும். சுவர், தரை, கூரை, கதவு, எல்லாம் தட்டையான நிறத்தில். முதல் பதிப்பில் ஒரு காட்சி திரையில் வர 3 முதல் 5 விநாடி பிடித்தது. பக்கத்திலேயே இன்னொரு திரை, அதில் தரைத்தளப் பிளான் கோட்டு வரைபடமாக ஓடும். பார்ப்பவர் பிளானின் மேல் குறியை நகர்த்துவார், அது உடனுக்குடன் நகரும். அவர் நிற்கிற இடத்திலிருந்து தெரியும் வண்ணக் காட்சி சில விநாடி தாமதித்து அடுத்த திரையில் வரும்.

அந்தத் தாமதத்தைச் சமாளித்த வழி அழகானது. கட்டிடம் நகராது, பார்க்கும் கண்தான் நகரும். அதனால் எந்தப் பரப்பு எதற்கு முன்னால், எது பின்னால் என்பதை ஒருமுறை மரம்போல் பிரித்து வைத்துவிட்டால், எங்கே நின்றாலும் தூரத்தில் இருப்பதை முதலிலும் கிட்டத்தில் இருப்பதைக் கடைசியிலும் வரையும் வரிசை உடனே கிடைத்துவிடும். பிஎஸ்பி மரம் என்று பெயர். 1980-ல் இந்த முறையை வெளியிட்டவர்களில் ஒருவரான ஹென்றி ஃபியூக்ஸ் அதே துறையில் பேராசிரியர். அவருடைய குழு செய்த பிக்சல்-பிளேன்ஸ் என்ற கணினிக்கு மாறியதும் மூன்றாம் பதிப்பு விநாடிக்கு 9 காட்சி கொடுத்தது, 4 அடிக்கு 6 அடி திரையில். சினிமாவுக்கே 24 வேண்டும். தலையில் மாட்டிக்கொண்டு மாடலுக்குள் நிற்பதுபோல் பார்க்கிற இன்றைய விஆர் ஹெட்செட்டுகள் 72, 90 என்று ஓடுகின்றன. ஆக, அன்று அவர்கள் பார்த்தது இன்று எந்த வாடிக்கையாளரிடமும் காட்டக் கூச்சப்படுகிற தரம்.

சுவர் ஏன் பிளானில் தெரியவில்லை

லாபியில் ஒரு தடுப்புச் சுவர். பிளானில் அது இரண்டு கோடு. நடைவழியின் அகலம் ஒரு எண். எண்ணைப் பார்த்தால் தவறு எதுவும் இருக்காது, அந்த அகலத்தைக் குறைத்துப் போடும் அளவுக்கு எந்தக் கட்டிடக்கலைஞரும் அவசரப்பட மாட்டார். பிளானில் இல்லாதது கூட்டம். வகுப்பு முடிந்து எத்தனை பேர் அந்த வழியாக வருவார்கள், யார் எங்கே நின்று பேசுவார்கள் என்பதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவைப் பிளானின் மேல் கொண்டுவந்து வைக்க அவர்களிடம் மொழி இல்லை. "நெருக்கமாக இருக்கும்போல் தோன்றுகிறது" என்று சொன்னால், "அகலம் போதும்" என்று ஒரு எண்ணால் பதில் வந்துவிடும். எண் ஜெயிக்கும்.

உள்ளே நடந்து பார்க்கும்போது பேச்சின் இயல்பே மாறுகிறது. இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், சுவர் இருவர் முன்னாலும் இருக்கிறது. யாருக்கு வரைபடம் படிக்கத் தெரியும் என்ற ஏற்றத்தாழ்வு போய்விடுகிறது. இதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். பிளானை விரித்து வைத்தால் வீட்டுக்காரர் பேசுவார், கூட வந்த அவர் அம்மா தள்ளி உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார். அதே அம்மாவை மாடலின் சமையலறையில் நிற்கவைத்தால் முதல் கேள்வி அவரிடமிருந்துதான் வரும்: "தம்பி, இங்க நின்னா வாசல்ல யார் வர்றாங்கன்னு தெரியலையேப்பா?" அடுத்தது லாஃப்ட் உயரம். அப்புறம் கிரைண்டர் எங்கே. வீட்டை அதிக நேரம் பயன்படுத்தப்போகிறவரின் கேள்விகள் இவை, பிளான் காட்டும் கூட்டத்தில் இவை வாய்திறக்காது.

சிட்டர்சன் நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது தொழில்நுட்பத்தைவிட இதுதான்: திருப்பும் கை யாருடையது. ஸ்டில் ரெண்டரில், அதாவது மாடலிலிருந்து எடுக்கும் அசையாத படத்தில், கேமராவை நாம் வைக்கிறோம். அறையின் மூலையில், சில நேரம் பின்னால் இருக்கும் சுவரையே மறைத்துவிட்டு வெளியே தள்ளி வைக்கிறோம். லென்ஸை அகலமாக்குகிறோம். 10 அடி அறை 16 அடி மாதிரி நிற்கும். இரண்டு நிமிட வாக்த்ரூ வீடியோவும் அதே ரகம்தான், கேமரா போகிற பாதை நாம் போட்டது, கழிவறைக் கதவு சாப்பாட்டு மேசையைப் பார்த்துத் திறக்கிற இடத்தில் அது லாவகமாகத் திரும்பிவிடும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்வதில்லை, அழகான கோணத்தைத் தேடும் கண் தானாகவே அப்படிப் போகும். ஆனால் பலவீனமான இடங்கள் ஒவ்வொன்றும் படத்துக்கு வெளியே தங்கிவிடுகின்றன.

இந்தப் பழக்கம் கணினியோடு வந்ததும் இல்லை. ஹம்ப்ரி ரெப்டன் என்ற ஆங்கிலேயர் 1788-ல் பண்ணைவீட்டுத் தோட்டங்களை வடிவமைக்கும் தொழிலைத் தொடங்கினார். வாடிக்கையாளர்களுக்குச் சிவப்பு அட்டை போட்ட ஒரு கையெழுத்துப் புத்தகம் தயார் செய்து கொடுப்பார். அதில் இன்றைய நிலத்தின் படம் இருக்கும், அதன் மேல் ஒட்டியிருக்கும் காகித மடிப்பைத் தூக்கினால் அதே இடத்தில் வரப்போகும் ஏரியும் மரங்களும் தெரியும். இன்று திரையில் இழுத்துப் பார்க்கிற முன்-பின் ஸ்லைடருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது. வாடிக்கையாளரின் விரல் மடிப்பைத் தூக்குகிறது, தான் கண்டுபிடித்ததுபோல் ஒரு சந்தோஷம் வருகிறது. ஆனால் எந்த இடத்தில் நின்று பார்ப்பது, "முன்" படம் எவ்வளவு சோகமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் ரெப்டன் கையில்தான். தொட்டால் மாறுகிறது என்பதாலேயே ஒரு காட்சி வாடிக்கையாளரின் கைக்குப் போய்விடாது.

இன்றைய வழிகளை இந்தக் கண்ணால் பார்த்தால்

360 டிகிரி படம்தான் இப்போது நம் ஊரில் அதிகம் ஓடுகிறது, காரணம் எளிது. லுமியன், டி5 போன்ற மென்பொருளில் ஒரு படத்தை எடுத்து ஏற்றிவிட்டால் வாட்ஸ்ஆப்பில் இணைப்பு போகும், வாடிக்கையாளர் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், துபாயில் இருக்கும் மகனும் அதே இரவு பார்த்துவிடுவான். தலையைத் திருப்பும் சுதந்திரம் அவருக்கு. நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது இன்னும் நாம்தான். நான் 360 படத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, பாதிச் சுதந்திரமும் பெரிய விஷயம்தான். கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. ஹாலின் நடுவில் ஒன்று வைத்தால் போதாது. அடுப்பு முன்னால், பூஜை அறை வாசலில், படிக்கட்டு திரும்பும் இடத்தில், கார் நிறுத்திய பிறகு கதவைத் திறந்து இறங்கும் இடத்தில் ஒவ்வொன்று வைக்க வேண்டும்.

பிளானைப் பக்கத்தில் வைத்ததைச் சிட்டர்சன் குழுவிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே சுற்றும்போது எல்லோருக்கும் திசை தப்பும். "இது எந்த பெட்ரூம்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டால் அதன் பிறகு அவர் ரசிக்க மாட்டார், ஆமாம் போடுவார். மூலையில் ஒரு சின்னப் பிளான், அதில் நீங்கள் இங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு புள்ளி, வடக்கு எது என்று ஒரு அம்பு. வாஸ்து பார்க்கிறவர் கூட இருந்தால் அந்த அம்பு இல்லாமல் பேச்சே நகராது.

கண் மட்டம் அடுத்தது. மூன்றாம் பதிப்புக்குப் பிறகு செய்ய வேண்டியவற்றில், எந்தப் பக்கமும் நகரக்கூடிய ஆனால் இயல்பாகக் கண் மட்டத்தில் நிற்கக்கூடிய கட்டுப்பாடு ஒன்றை 1986 கட்டுரையே குறிப்பிடுகிறது. சுதந்திரம் முழுசாகக் கொடுத்தால் மனிதர்கள் கூரைக்குள் பறந்துவிடுவார்கள், தரைக்குள் மூழ்குவார்கள். அன்றைக்குத் தெரிந்த பிரச்சினை இன்னும் அப்படியே இருக்கிறது. மென்பொருள் வைத்திருக்கும் இயல்பு உயரம் பெரும்பாலும் உயரமான ஒரு ஆணின் கண். நாலு அடி பத்து அங்குலம் இருக்கும் ஒருவருக்கு அந்த உயரத்தில் சமையலறையைக் காட்டினால் மேல் அலமாரி கைக்கு எட்டுவதுபோல் தெரியும். கேமராவை அவர் கண் உயரத்துக்கு இறக்கிவிட்டுக் காட்டுங்கள், பேச்சு வேறு மாதிரி போகும்.

விஆர் ஹெட்செட்டில் நிற்கும் இடம், பார்க்கும் திசை இரண்டுமே பார்ப்பவர் கையில். அறை உண்மை அளவில் சுற்றி நிற்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஹெட்செட்டுக்குள் மக்கள் தூரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. "சின்னதாக இருக்கே" என்று ஒருவர் சொன்னால், அறை உண்மையிலேயே சின்னதா, ஹெட்செட் சின்னதாகக் காட்டுகிறதா என்று உடனே தெரியாது. சைட்டில் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் அன்றைக்கும் இதே குரல் கேட்கும். வெறும் தரையில் கோட்டுக்குள் நின்று பார்க்கிற எந்த வீட்டுக்காரரும் "இவ்ளோதானா பெட்ரூம்?" என்பார், சுவர் எழும்பி ஜன்னல் வைத்த பிறகு அதே அறை பெரிதாகிவிடும். அதனால் ஹெட்செட்டைக் கழற்றியதும் அவர் இப்போது குடியிருக்கும் வீட்டின் அறை அளவைக் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். முடிந்தால் முதலில் அவருடைய பழைய அறையை ஒரு வெறும் பெட்டியாகப் போட்டு, அதில் அவரை நிற்கவைத்துவிட்டுப் புது அறைக்குக் கூட்டிப்போகலாம். எப்படிக் குறைத்துக் காட்டினாலும் இரண்டையும் ஒரே மாதிரிதானே குறைக்கும்.

தூரத்தைக் கால் அளக்கும் என்பது சேப்பல் ஹில் குழுவுக்கும் தோன்றியிருக்கிறது. பின்னாளில் அவர்கள் ஒரு நடைப்பட்டையைச் செய்தார்கள், முன்னால் சைக்கிள் ஹேண்டில்பார் போல் ஒன்று. பட்டையில் நடந்தால் மாடலுக்குள் நகரலாம், ஹேண்டிலைத் திருப்பினால் திரும்பலாம். கட்டிடமும் அதற்குள் எழுந்துவிட்டதால், மாடலில் நடந்தவர் இறங்கி நிஜ லாபியிலும் நடந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். அலுவலகத்தில் அதை வைக்க யாருக்கும் கட்டுப்படியாகாது, சரி. ஆனால் அம்புக்குறி பட்டனை அழுத்தினால் ஓட்டப்பந்தயம் மாதிரி பறக்கிற நம் மாடல்களில் நடை வேகத்தையாவது மனித வேகத்துக்குக் குறைத்து வைக்கலாம். வேகமாகப் போனால் நீளமான இருட்டு நடைவழிகூடக் குட்டியாகத்தான் தெரியும்.

இந்த நிகழ்வை எவ்வளவு தூரம் நம்பலாம்

எல்லாவற்றையும் இதில் தொங்கவிட முடியாது. வாடிக்கையாளரே கணினித் துறை. மாடலைச் செய்ய அவர்களுக்குச் செலவு தனியாகத் தெரியாது, ஆராய்ச்சிக் கணக்கில் போய்விட்டது. கட்டிடக்கலைஞரிடம் பேராசிரியர்கள் பேசும் தைரியம் ஒரு சாதாரண வீட்டுக்காரருக்கு இருக்குமா? கதையைச் சொல்பவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். நகர்ந்த சுவரைப் பற்றித் தெரிகிறது, நடந்து பார்த்தும் கண்ணில் படாமல் போன தவறுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. லாபியில் எதிரொலி, மேற்கு வெயிலின் சூடு, ஏசி வெளிப்பெட்டியின் சத்தம் இதெல்லாம் 8,000 பாலிகனுக்குள்ளும் இல்லை, இன்றைய மாடலுக்குள்ளும் இல்லை. நம் ஊரில் மாடல் வீட்டுக்குள் எப்போதும் மார்கழிக் காலைதான், சித்திரை மதியம் இரண்டு மணி கிடையாது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் இதே வேலை நடந்தது, அங்கேயும் கணினித் துறைதான், அங்கேயும் அவர்களுடைய புதுக் கட்டிடம்தான். 1994-ல் திறந்த சோடா ஹால். கார்லோ செக்கின் தலைமையில், மேசை நாற்காலி விளக்கு எல்லாம் வைத்த மாடல் 14 லட்சம் பாலிகனைத் தொட்டது. அவ்வளவையும் ஓடவைக்க, ஓர் அறையில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியக்கூடியது எது என்று முன்கூட்டியே கணக்கிட்டு மற்றதை விட்டுவிடும் முறையைச் சேப்பல் ஹில்லில் ஜான் ஏரியும் பெர்க்லியில் செத் டெல்லரும் வளர்த்தார்கள். 1996-ல் வந்த குவேக் என்ற கணினி விளையாட்டு அதையே பயன்படுத்தியது. பிற்பாடு இத்தகைய விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள்களான எஞ்சின்கள் திரும்பி வந்து கட்டிடக்கலை அலுவலகத்துக்குள் உட்கார்ந்துகொண்டன. இன்று அன்ரியல் எஞ்சினில் ஒரு வில்லாவைக் காட்டுகிறவர் பழைய கடனைத் திருப்பி வாங்குகிறார் என்றுகூடச் சொல்லலாம்.

சாதாரண வாடிக்கையாளர் விஷயத்தில் ஜப்பானைப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் மட்சுஷிடா எலக்ட்ரிக் ஒர்க்ஸ் நிறுவனம் டோக்கியோவின் ஷிஞ்சுகு பகுதியில் இருந்த தன் ஷோரூமில், வாங்க வந்தவர் தன் சமையலறையை ஹெட்செட்டில் பார்க்க ஏற்பாடு செய்தது. உள்ளே போனவர் அலமாரிக் கதவைத் திறக்கலாம், குழாயைத் திருப்பலாம். படத்தரம் சுமாராகத்தான் இருந்திருக்கும். ஆனால் கதவு எந்தப் பக்கம் திறந்து எதில் முட்டும் என்பது கையை நீட்டினால்தான் தெரியும், அதற்கு மார்பிள் பளபளப்புத் தேவையில்லை.

எப்போது காட்டுவது

சிட்டர்சனில் சுவர் நகர முடிந்ததற்கு முதல் காரணம், அது இன்னும் காகிதத்தில் இருந்தது. நம் தொழிலில் பெரும்பாலும் தலைகீழ். சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கும்போது "3டி ரெடியாகிவிட்டது" என்று காட்டுவோம், ஏனென்றால் அழகாக்க நேரம் எடுத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் ஒரே தேர்வு பெயிண்ட் நிறம். படிக்கட்டு முதல் படி வாசலுக்கு நேராக இருக்கிறது என்று அப்போது அவர் கண்டுபிடித்தால் அவருக்கும் வருத்தம், நமக்கும் தலைவலி, கான்ட்ராக்டருக்குக் கூடுதல் பில்.

அதனால் நான் மெட்டீரியல் எதுவும் போடாத வெள்ளை மாடலைத்தான் முதலில் கொடுப்பேன். டைல்ஸ் போட்டுக் காட்டினால் பேச்சு டைல்ஸில் நின்றுவிடும். வெள்ளையாக இருந்தால் சுவரைப் பற்றிப் பேச வேண்டியதாகிறது. இது எல்லோருக்கும் ஒத்துவராது, சிலர் "என்னங்க இது, தெர்மாகோல் வீடு மாதிரி" என்று முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு மட்டும் தரைக்கு ஒரு நிறம் கொடுத்து வெளியே இரண்டு தென்னை வைப்பேன். மௌஸை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நான் நோட்டுடன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் பார்க்கிறார், எந்த அறைக்குள் போகவே இல்லை என்பதைக் குறித்துக்கொண்டால் வாய் சொல்லாத புகாரும் கிடைக்கும். விளக்கம் சொல்லத் துடிக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

கோப்பை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவதா என்பதில் அலுவலகங்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. என்ஸ்கேப், ட்வின்மோஷன் போன்ற மென்பொருள்களில் மாடலைத் தனிக் கோப்பாக எடுத்துக் கொடுக்கலாம், வீட்டில் உட்கார்ந்து அவர்களே நடந்து பார்க்கலாம். கொடுத்தால் வேறு ஆளிடம் கொண்டுபோய்க் காட்டிக் குறைந்த விலைக்குக் கட்டிக்கொள்வார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அலுவலகத்தில் அரைமணி நேரத்தில் வருகிற கேள்விகளும், வீட்டில் மாமியார், மச்சினன், பத்தாவது படிக்கும் பெண் எல்லோரும் சுற்றிப் பார்த்த பிறகு வருகிற கேள்விகளும் வேறு வேறு. நான் கொடுக்கிற கட்சி. முன்பணமும் ஒப்பந்தமும் கையில் வந்த பிறகு கொடுப்பேன், அவ்வளவுதான்.

கொடுக்கும் கோப்பின் பெயரிலேயே தேதியும் வரைபடத் திருத்த எண்ணும் இருக்க வேண்டும், மாடலுக்குள் வாசல் சுவரிலும் அதே எண்ணைப் பெரிதாக எழுதி வைப்பது இன்னும் நல்லது. மூன்றாவது திருத்தத்தில் எடுத்துவிட்ட பால்கனியை முதல் கோப்பில் பார்த்துக்கொண்டு சைட்டில் மேஸ்திரியிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மேஸ்திரி கையில் இருப்பது காகிதம், அவர் கையில் இருப்பது கைபேசி. இரண்டிலும் ஒரே எண் இருந்தால் அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும்.